விதியை எழுதுவது யார்?

புதிய கம்ப்யூட்டர் வீட்டிற்கு வந்தவுடன் பெரியவர்கள் டைப்பிங், கணக்கு, இமெயில் என்று திட்டமிட்டுக் கொண்டிருப்பார்கள். அதற்குள் பிள்ளைகள் ஒரு கேமை இன்ஸ்டால் செய்து முதல் லெவலையே முடித்திருப்பார்கள். இதில் தவறு எதுவும் இல்லை. மவுஸைப் பிடிக்கவும், விண்டோக்களைத் திறந்து மூடவும், எர்ரர் மெசேஜைக் கண்டு பயப்படாமல் இருக்கவும் கேம்ஸ் கற்றுத் தருவது போல எந்த கோர்ஸும் கற்றுத் தருவதில்லை. கேம்ஸ் நல்லதா, கெட்டதா என்ற பட்டிமன்றம் வேண்டிய அளவு நடந்துவிட்டது. நான் இங்கு எழுப்ப விரும்புவது வேறு ஒரு கேள்வி. கேமில் வருகிற மனிதர்கள் யார்? அவர்களை இப்படித்தான் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தவர் யார்?

இந்தக் கேள்வியை அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் பூர்வகுடி மக்களை வைத்துப் பார்க்கலாம். வீடியோ கேம்ஸ் தொடங்கிய நாளிலிருந்தே மற்றவர்கள் வரைந்த உருவங்களாக மட்டுமே திரையில் வந்து போனவர்கள் அவர்கள். கடந்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் கீ போர்டைத் தாங்களே கையில் எடுத்தவர்களும் அவர்கள்தான்.

பெயரிலேயே தொடங்கும் பிழை

முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்த வாசகர்களுக்கு இவர்களை "செவ்விந்தியர்கள்" என்றால்தான் உடனே புரியும். தலையில் இறகு, கையில் அம்பு, குதிரை மேல் கூச்சல். இந்தச் சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அதில் "இந்தியர்" என்பது, இந்தியாவைத் தேடிக் கப்பலேறிய கொலம்பஸ் வேறு இடத்தில் இறங்கியதால் வந்தது. "செவ்" என்பது தோலின் நிறத்தைப் பார்த்து மற்றவர்கள் ஒட்டிய அடைமொழி. அவர்கள் தங்களுக்கு வைத்துக் கொண்ட பெயர் அதில் எங்கும் இல்லை. மேலும் அது ஒரே இனமும் அல்ல. அமெரிக்காவில் மட்டும் மத்திய அரசு அங்கீகரித்துள்ள பூர்வகுடிச் சமூகங்கள் ஐந்நூறுக்கும் மேல். மொழி வேறு, உணவு வேறு, வீடு கட்டும் முறை வேறு, வழிபாடு வேறு. ஆனால் கேமில் வரும்போது எல்லோருக்கும் ஒரே இறகு, ஒரே அம்பு.

"கேம்தானே, இதைப் போய் இவ்வளவு பெரிதாக எடுத்துக் கொள்ளலாமா?" என்று சிலர் கேட்கலாம். 1991-ல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ரீட் பைட்டர் 2 என்ற சண்டை விளையாட்டு நினைவிருக்கிறதா? அதில் இந்தியாவின் சார்பில் தால்சிம் என்று ஒருவர் வருவார். கழுத்தில் மண்டை ஓட்டு மாலை. வாயிலிருந்து நெருப்பு. ரப்பர் போல நீளும் கை, கால்கள். கேட்டால் யோகாவாம். நம்மில் பலரும் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு விளையாட்டைத் தொடர்ந்தோம். நம்மால் சிரிக்க முடிந்ததற்குக் காரணம் உண்டு. நம்மைப் பற்றி நாமே எடுத்த சினிமா, நாமே நடத்தும் பத்திரிகை, நாமே எழுதும் பாடப் புத்தகம் என்று நம்மைச் சுற்றி ஏராளமாக இருக்கின்றன. அவற்றின் நடுவே தால்சிம் ஒரு தமாஷ். அவை எதுவும் இல்லாத ஒரு சிறிய இனத்தை நினைத்துப் பாருங்கள். உலகம் அவர்களைப் பற்றிப் பார்க்கிற ஒரே படம் அந்த மண்டை ஓட்டு மாலைதான் என்றால், அவர்களாலும் சிரித்துவிட்டுப் போக முடியுமா?

அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கு நேர்ந்தது தமாஷைவிட மோசமானது. 1982-ல் மிஸ்டிக் என்ற நிறுவனம் அடாரி 2600 கருவிக்காக கஸ்டர்ஸ் ரிவெஞ்ச் என்ற ஒரு கேமை விற்றது. கட்டி வைக்கப்பட்ட ஒரு பூர்வகுடிப் பெண்ணை மானபங்கம் செய்வதுதான் அதில் வெற்றி. அதைப் பற்றி இதற்கு மேல் இங்கே எழுத விரும்பவில்லை. பூர்வகுடி அமைப்புகளும் பெண்கள் அமைப்புகளும் அதை எதிர்த்துப் போராடின. வீட்டுக் கம்ப்யூட்டரும் வீடியோ கேமும் பரவத் தொடங்கிய அந்த ஆண்டுகளிலேயே நிலைமை இப்படித்தான் இருந்தது.

படம் ஒன்று, விதி ஒன்று

சாப்ட்வேர் எழுதுவது என் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் உள்ளே இருந்து பார்க்கிறேன். கம்ப்யூட்டருக்குப் புதியவர்களும் எளிதாகப் புரிந்து கொள்ளலாம். எந்த ஒரு கேமையும் இரண்டு பகுதிகளாகப் பிரிக்கலாம். ஒன்று, நாம் பார்ப்பதும் கேட்பதும்: உருவம், உடை, பின்னணி, இசை, குரல். இவை எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் தனித் தனி பைல்களாக இருக்கும். இன்னொன்று, ஆட்டத்தின் விதிகள். எதைச் செய்தால் பாயிண்ட் கூடும், எதைச் செய்தால் உயிர் போகும், எது நடந்தால் வெற்றி, எந்தப் பட்டன் உங்களுக்குக் கிடைக்கும், எந்தப் பட்டன் கிடைக்கவே கிடைக்காது என்பதெல்லாம் விதிகள். இவை ப்ரோகிராமின் உள்ளே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது.

சினிமாவில் ஒரு கருத்தைப் பார்க்கிறோம். கேமிலோ அந்தக் கருத்தை நாமே கையால் செய்து பழகுகிறோம். ஒரு கதாபாத்திரத்தின் உடையை மாற்ற வேண்டுமானால் படத்தை மாற்றினால் போதும். அந்த விளையாட்டு உலகத்தை எப்படிப் பார்க்கிறது என்பதை மாற்ற வேண்டுமானால் விதியில் கை வைக்க வேண்டும். பூர்வகுடிகளின் குறைகளைக் கவனித்துக் கேட்டால், அவற்றில் பல உடையைப் பற்றியவை அல்ல, விதியைப் பற்றியவை என்பது தெரியும்.

இதற்கு நல்ல உதாரணம் சிவிலைசேஷன் 6. ஒரு நாட்டின் தலைவராக இருந்து, நகரம் கட்டி, அறிவியல் வளர்த்து, படை திரட்டி உலகை வெல்லும் ஆட்டம் அது. 2018 பிப்ரவரியில் ரைஸ் அண்ட் பால் என்ற கூடுதல் தொகுப்பு வந்தது. அதில் கனடாவின் க்ரீ இன மக்களும், அவர்களின் தலைவர் பவுண்ட்மேக்கரும் சேர்க்கப்பட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு கௌரவம். ரோம், சீனா, இந்தியா வரிசையில் அவர்களுக்கும் ஓர் இடம். அந்தத் தலைவருக்கு மற்ற நாடுகளுடன் கூட்டணி வைத்துக் கொள்வதில் சிறப்புத் திறமையும் கொடுத்திருந்தார்கள்.

ஆனால் தொகுப்பு வெளிவரும் முன்பே, பவுண்ட்மேக்கர் க்ரீ சமூகத்தின் தலைவர்களுள் ஒருவரான மில்டன் டூட்டூசிஸ் மறுப்புத் தெரிவித்தார். தங்கள் தலைவரைக் காட்டியதை அவர் முழுவதும் வெறுக்கவில்லை. மற்றவர்களின் நிலத்தை வென்று பிடிப்பதே லட்சியம் என்ற குடியேற்றக்காரர்களின் எண்ணம் தங்கள் மக்களுக்கும் இருந்தது போல அந்த விளையாட்டு காட்டுகிறது என்பதுதான் அவருடைய குறை. உண்மையான பவுண்ட்மேக்கரின் வரலாற்றைப் படித்தால் இந்தக் குறையின் எடை புரியும். 1885-ல் கட் நைப் என்ற இடத்தில் கனடா ராணுவம் அவருடைய முகாமைத் தாக்கித் தோற்றுத் திரும்பி ஓடியது. துரத்திச் சென்றிருந்தால் பல வீரர்களைக் கொன்றிருக்கலாம். துரத்த வேண்டாம் என்று தன் ஆட்களைத் தடுத்தவர் அவர். பிறகு அவர் மீதே துரோகக் குற்றம் சாட்டிச் சிறையில் அடைத்தார்கள். விடுதலையான சில மாதங்களில், 1886-ல், இறந்து போனார். கனடா அரசு அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்து மன்னிப்புக் கேட்டது 2019 மே மாதத்தில்தான்.

துரத்த வேண்டாம் என்று சொன்ன ஒருவரை, துரத்தினால்தான் ஜெயிக்கலாம் என்கிற பலகையில் காயாக வைத்திருக்கிறார்கள். உடை சரியாக இருக்கலாம். குரலும் பேசும் மொழியும் சரியாக இருக்கலாம். விதி அவருடையது அல்ல. பிள்ளைகள் அந்த கேமை விளையாடி முடிக்கும்போது அந்த முகமும் பெயரும் மனதில் நிற்கும். அவர் செய்த மிகப் பெரிய காரியம் மட்டும் நிற்காது.

இதே தொடரில் இதற்கு முன் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிவிலைசேஷன் 5-க்கு 2013-ல் பிரேவ் நியூ வேர்ல்ட் என்ற தொகுப்பு தயாரானபோது, பியூப்லோ மக்களையும் 1680-ல் ஸ்பானியருக்கு எதிராக அவர்களைத் திரட்டிய போப்பே என்ற தலைவரையும் சேர்க்கத் திட்டமிட்டார்கள். தயாரிப்பாளர்கள் முன்கூட்டியே பியூப்லோ மக்களின் பேரவையைக் கேட்டார்கள். தங்கள் மதிப்பிற்குரிய அந்தத் தலைவரை விளையாட்டில் உருவமாகக் காட்டுவதை அவர்கள் விரும்பவில்லை. திட்டம் கைவிடப்பட்டது. அந்த இடத்தில் ஷோஷோனி மக்கள் சேர்க்கப்பட்டார்கள். கேட்பது என்றால் "வேண்டாம்" என்ற பதிலுக்கும் தயாராக இருப்பது என்பதை இந்தச் சம்பவம் காட்டுகிறது. அப்படித் தயாராக இல்லாவிட்டால் கேட்பதற்கு அர்த்தமே இல்லை.

பதினான்கு வருடம் கழித்து ஒரு திருத்தம்

ஏஜ் ஆப் எம்பயர்ஸ் விளையாடாத கம்ப்யூட்டர் சென்டரே ஒரு காலத்தில் நம் ஊரில் இருந்ததில்லை. அதன் மூன்றாம் பாகம் 2005-ல் வந்தது. 2006-ல் வந்த வார்சீப்ஸ் என்ற கூடுதல் தொகுப்பில் இரோகுவா, சூ என்ற இரண்டு வட அமெரிக்கப் பூர்வகுடி இனங்களை நாமே நடத்தி விளையாடலாம். அதில் நெருப்புக் குழி என்று ஓர் அமைப்பு இருந்தது. ஆட்களை அதைச் சுற்றி ஆட விட்டால் படைக்குப் பலம் கூடும். பழைய ஹாலிவுட் படங்களில் பார்த்த அதே காட்சிதான். மற்ற நாட்டினரைப் போலவே இவர்களும் தங்கச் சுரங்கத்தை வெட்டிக் காசு சேர்க்க வேண்டும்.

2020 அக்டோபரில் இந்த கேம் டெபினிட்டிவ் எடிஷன் என்ற பெயரில் புதுப்பிக்கப்பட்டு வெளிவந்தது. இந்த முறை பூர்வகுடி ஆலோசகர்களை அழைத்துப் பேசியிருந்தார்கள். இரோகுவா, சூ என்பவை வெளியார் வைத்த பெயர்கள் என்பதால், அந்த மக்கள் தங்களை அழைத்துக் கொள்ளும் ஹோடினோஷோனி, லகோட்டா என்ற பெயர்கள் வந்தன. நெருப்புக் குழி போய், சமுதாய முற்றம் என்ற பொருள்படும் அமைப்பு வந்தது. நிலத்தைத் தோண்டித் தங்கம் எடுப்பது அந்த மக்களின் வாழ்க்கை முறைக்கு ஒவ்வாதது என்பதால், சுரங்கத்திற்குப் பதில் பழங்குடிச் சந்தை ஒன்றை அமைத்துக் காசு சேர்க்கும்படி விதி மாற்றப்பட்டது.

ஒரு ப்ரோகிராமராக இந்த மாற்றங்களைப் பார்க்கும்போது எனக்கு இரண்டு விஷயங்கள் தோன்றுகின்றன. முதலாவது, பெயரை மாற்றுவது சில வரிகளைத் திருத்தும் வேலை. சுரங்கத்தை எடுப்பது அப்படி அல்ல. அந்த இனத்தின் பொருளாதாரமே அதை நம்பி இருக்கும். வேறு கட்டடம் உருவாக்கி, கணக்குகளை மாற்றி, மற்ற இனங்களோடு ஆட்டம் சமமாக இருக்கிறதா என்று திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். அந்தச் சிரமத்தை எடுத்துக் கொண்டதற்காகப் பாராட்டத்தான் வேண்டும். இரண்டாவது, இந்தத் திருத்தம் வர 14 ஆண்டுகள் ஆயின. சாப்ட்வேர் துறையில் எல்லோருக்கும் தெரிந்த பாடம் ஒன்று உண்டு. டிசைன் போடும்போது கேட்டால் ஒரு மணி நேரத்தில் முடிகிற திருத்தம், சாப்ட்வேர் விற்பனைக்குப் போன பிறகு கேட்டால் பெரும் செலவாகிவிடும். யாரைப் பற்றிய கேமோ அவர்கள் முதல் நாள் மீட்டிங்கில் இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

முதலிலேயே கேட்ட நிறுவனமும் உண்டு. யுபிசாப்ட் 2012-ல் வெளியிட்ட அஸ்ஸாசின்ஸ் க்ரீட் 3-ன் நாயகன் ஒரு மோஹாக் இளைஞன். கானர் என்ற ஆங்கிலப் பெயர் அவனுக்குப் பின்னால் வருவது. பிறந்த பெயர் மோஹாக் மொழியில்தான் இருக்கிறது. கேம் தயாரானது கனடாவின் மாண்ட்ரியல் நகரில். அதன் அருகிலேயே உள்ள கானவாகே என்ற மோஹாக் ஊரிலிருந்து ஆலோசகரை அமர்த்தினார்கள். சொந்த ஊர்க் காட்சிகளில் பேச்சு மோஹாக் மொழியிலேயே அமைந்தது. எதிரியின் தலைத்தோலை உரிக்கும் காட்சியும், சடங்குக்கு உரிய ஒரு முகமூடியும் ஆலோசனைக்குப் பிறகு நீக்கப்பட்டன. நல்ல முயற்சிதான். ஆனாலும் ஆலோசகர் என்பவர் கேட்டால் பதில் சொல்பவர். கதையைத் தேர்ந்தெடுப்பதும், பட்ஜெட் போடுவதும், கடைசிக் கையெழுத்துப் போடுவதும் வேறு ஒருவர்.

வயலும் விதையும் தங்களுடையதாக

அந்தக் கையெழுத்தே பூர்வகுடிகளின் கையில் இருந்தால் என்ன நடக்கும்? இதற்குப் பதில் அலாஸ்காவிலிருந்து வந்தது.

அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் குக் இன்லெட் ட்ரைபல் கவுன்சில் என்ற அமைப்பு இருக்கிறது. பூர்வகுடிக் குடும்பங்களுக்குக் கல்வி, வேலை முதலிய உதவிகள் செய்து வரும் அமைப்பு. அரசு நிதியை மட்டுமே நம்பி இருக்காமல் சொந்த வருமானத்திற்கு வழி தேடிய அவர்கள், வீடியோ கேம் தயாரிக்க முடிவு செய்தார்கள். அப்பர் ஒன் கேம்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ஈ-லைன் மீடியா என்ற நிறுவனத்துடன் சேர்ந்து, 2014 நவம்பரில் நெவர் அலோன் என்ற கேமை வெளியிட்டார்கள். அதன் இன்னொரு பெயர் கிசிமா இங்கிச்சுனா. இனுப்பியாட் மக்களின் மொழியில் "நான் தனியாக இல்லை" என்று பொருள்.

கதை இதுதான். நிற்காமல் வீசும் பனிப்புயலால் வேட்டை இல்லாமல் ஊர் பட்டினி கிடக்கிறது. புயல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க நூனா என்ற சிறுமி புறப்படுகிறாள். வழியில் ஒரு வெள்ளை நரி துணைக்கு வருகிறது. இது ராபர்ட் நாஸ்ருக் கிளீவ்லண்ட் என்ற புகழ் பெற்ற கதைசொல்லி சொல்லி வந்த பழைய கதையை ஒட்டியது. தயாரிப்புக் குழு கதையை எடுத்து எழுதிக் கொள்ளவில்லை. அந்தக் கதைசொல்லியின் மகளான மூதாட்டியைச் சந்தித்து, அனுமதி பெற்ற பிறகே பயன்படுத்தியது. பெரியவர்கள், கதைசொல்லிகள், ஊர்க்காரர்கள் என்று ஏறக்குறைய 40 அலாஸ்கா பூர்வகுடியினர் இதன் உருவாக்கத்தில் பங்கு கொண்டார்கள்.

இப்போது விதிகளைப் பாருங்கள். சிறுமியால் முடிவது நரியால் முடியாது. நரியால் முடிவது சிறுமியால் முடியாது. சிறுமி கனமான பொருளை நகர்த்துவாள், கயிற்றில் ஏறுவாள், கவண் போன்ற கருவியை வீசுவாள். நரி செங்குத்தான பனிச்சுவரில் தாவி ஏறும். கண்ணுக்குத் தெரியாத ஆவிகளை வரவழைத்துப் பாதை அமைக்கும். ஒன்றை விட்டுவிட்டு மற்றது ஓரடி நகர முடியாது. ஒருவரே இரண்டையும் மாற்றி மாற்றி இயக்கலாம், அல்லது வீட்டில் இருவர் சேர்ந்து ஆளுக்கு ஒன்றாக விளையாடலாம். புயல் எதிரே அடித்தால் சுட்டு வீழ்த்த வழியில்லை. தரையோடு குனிந்து காத்திருக்க வேண்டும். அதே காற்று பின்னால் இருந்து வீசும்போது அதன் வேகத்தில் பெரிய பள்ளத்தைத் தாண்டிவிடலாம். பனி நாட்டில் உயிர் பிழைப்பதற்கு அந்த மக்கள் கண்ட வழி எதுவோ, அதுவே ஆட்டத்தில் ஜெயிக்கும் வழி. இதை வெளியில் இருந்து வந்த ஓர் ஆலோசனைக் குறிப்பை வைத்து எழுதிவிட முடியாது.

கதை சொல்லும் குரல் இனுப்பியாக் மொழியில் வருகிறது. ஆங்கிலம் கீழே எழுத்தாக ஓடுகிறது. பள்ளியில் தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட தலைமுறைகள் அங்கே உண்டு. இன்று அதைச் சரளமாகப் பேசுகிறவர்கள் சில ஆயிரம் பேர்தான். அவர்களிலும் பெரும்பாலானவர்கள் வயதானவர்கள். அப்படிப்பட்ட மொழி, உலகம் முழுவதும் விற்பனையாகும் ஒரு கேமில் முதல் மொழியாக ஒலிக்கிறது. கோடிக்கணக்கானோர் பேசும் தமிழிலேயே எத்தனை கேம்ஸ் நம்மிடம் பேசுகின்றன என்று எண்ணிப் பார்த்தால் இதன் அருமை நமக்கு நன்றாகவே விளங்கும். ஆட்டத்தின் இடையே 24 குறும்படங்கள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. வட துருவ ஒளி பற்றிய நம்பிக்கை, வேட்டை, மேளம், பனி என்று அந்த மக்களே கேமரா முன் அமர்ந்து பேசுகிறார்கள். பிள்ளைகள் "இது நிஜமா, கதையா?" என்று கேட்டால் பதில் சொல்ல அந்த ஊர்ப் பெரியவரே திரையில் இருக்கிறார்.

2015-ல் பிரிட்டனின் பாப்டா விருதுகளில், அறிமுக கேம் பிரிவில் இதற்கு விருது கிடைத்தது. குறைகளும் உண்டு. சில மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். சில இடங்களில் கன்ட்ரோல் கையை மீறுகிறது என்றும், தனியாக விளையாடும்போது நரி நாம் நினைத்தபடி நடப்பதில்லை என்றும் விமர்சகர்கள் எழுதினார்கள். அதுவும் நல்லதுதான். பரிதாபப்பட்டு மார்க் போடாமல், மற்ற கேம்ஸைப் போலவே இதையும் எடை போட்டிருக்கிறார்கள்.

அதே பாதை, எதிர்த் திசை

இன்னொரு ஜோடியையும் பார்க்கலாம். அமெரிக்கப் பள்ளிகளில் பல தலைமுறை மாணவர்கள் முதன்முதலில் விளையாடிய கம்ப்யூட்டர் கேம் தி ஆரிகான் டிரெயில். 1971-ல் மின்னசோட்டா மாநிலத்தில், வரலாற்று வகுப்புக்காக மூன்று பேர் எழுதியது. 1840-களில் மாட்டு வண்டி கட்டிக் கொண்டு மேற்கே குடியேறப் போகும் குடும்பத்தை நாம் நடத்திச் செல்ல வேண்டும். உணவு தீரும், வண்டி உடையும், காய்ச்சல் வரும். ஆனால் போய்ச் சேரும் நிலத்தில் ஏற்கெனவே யார் இருந்தார்கள், அவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்க அதில் பட்டனே கிடையாது.

அந்தப் பட்டனை 2019-ல் வேறு சிலர் எழுதினார்கள். வென் ரிவர்ஸ் வேர் டிரெயில்ஸ் என்பது அந்த கேமின் பெயர். எலிசபெத் லாபென்சே என்ற கேம் டிசைனர், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது இண்டியன் லேண்ட் டென்யூர் பவுண்டேஷன் என்ற அமைப்புடன் சேர்ந்து உருவாக்கியது. பல்வேறு இனங்களைச் சேர்ந்த பூர்வகுடி எழுத்தாளர்கள் காட்சிகளை எழுதினார்கள். இங்கே நாம் குடியேறப் போகிறவர் அல்ல, துரத்தப்பட்டவர். 1890-களில் மின்னசோட்டாவில் நிலத்தை இழந்த ஓர் அனிஷினாபே மனிதராக கலிபோர்னியா வரை போக வேண்டும். வழியில் மற்ற இன மக்களைச் சந்தித்துப் பண்டமாற்று செய்யலாம், மீன் பிடிக்கலாம், உடலும் மனமும் சோராமல் பார்த்துக் கொள்ளலாம். கெடுபிடி செய்யும் அரசு ஏஜென்டுகளிடம் மாட்டிக் கொள்ளவும் நேரும்.

இதன் பின்னணி கற்பனை அல்ல. 1887-ல் அமெரிக்கா கொண்டு வந்த டாஸ் சட்டம், பூர்வகுடிகளின் பொது நிலத்தைத் தனித் தனித் துண்டுகளாக்கி, மிஞ்சியதை வெளியாருக்குத் திறந்துவிட்டது. அப்போது அவர்களிடம் இருந்தது சுமார் 13.8 கோடி ஏக்கர். 1934-ல் மிச்சம் இருந்தது சுமார் 4.8 கோடி ஏக்கர். பட்டா, பத்திரம், பங்காளி வழக்கு என்று நிலத்தின் அருமை தெரிந்த நமக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்த கேம் இலவசமாகவே வெளியிடப்பட்டது. சாதாரண கம்ப்யூட்டரிலும் ஓடக் கூடிய, படமும் எழுத்துமாக அமைந்த ஆட்டம்.

இதன் தாக்கமோ, காலத்தின் மாற்றமோ, 2021-ல் கேம்லாப்ட் நிறுவனம் ஆரிகான் டிரெயிலைப் புதுப்பித்தபோது பூர்வகுடி வரலாற்று அறிஞர்களை அழைத்துக் கேட்டது. பூர்வகுடிக் கதாபாத்திரங்களாகவே விளையாடும் வசதியும் சேர்ந்தது. 50 ஆண்டுகள் பழைய ஒரு கேமில் இந்த மாற்றம் வந்தது.

சில மறுப்புகள்

"அப்படியானால் அந்தந்த இனத்தவர்தான் அந்தந்த கேமை எழுத வேண்டுமா? கற்பனைக்கே இடமில்லையா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அப்படி ஒரு வேலி போடச் சொல்லவில்லை. மெக்சிகோவின் சிவாவா நகரில் இயங்கும் லியென்சோ என்ற சிறு நிறுவனம் 2018-ல் முலாகா என்ற கேமை வெளியிட்டது. அந்தப் பகுதியின் தாராஹுமாரா மக்களின் கதைகளை, அவர்களையும் மானிடவியல் அறிஞர்களையும் கலந்து பேசி உருவாக்கியது. பக்கத்து வீட்டுக்காரரின் கதையைச் சொல்லலாம். அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும், அவருக்குச் சேர வேண்டிய பெயரும் பணமும் சேர வேண்டும், "இதை மட்டும் சொல்லாதே" என்றால் விட்டுவிட வேண்டும்.

"திறமையுள்ள பூர்வகுடி ப்ரோகிராமர்கள் எங்கே இருக்கிறார்கள்?" என்பது இன்னொரு கேள்வி. உருவாக்கினால் இருப்பார்கள். மாண்ட்ரியலின் கான்கார்டியா பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு மோஹாக் கலைஞர் ஸ்காவெனாட்டியும் பேராசிரியர் ஜேசன் எட்வர்ட் லூயிஸும் நடத்தும் அப்டெக் என்ற அமைப்பு, 2008-ல் கானவாகே பள்ளி மாணவர்களுக்கு ஸ்கின்ஸ் என்ற பயிற்சிப் பட்டறையைத் தொடங்கியது. மாணவர்கள் முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் கதை கேட்டார்கள். பிறகு 3டி மாடலிங், அனிமேஷன், ப்ரோகிராமிங் கற்று அந்தக் கதையைத் தாங்களே கேமாகச் செய்தார்கள். தாத்தாவிடம் கதை கேட்பதை அங்கே வீட்டுப் பாடமாகவே வைத்தார்கள் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த அம்சம்.

கேம் வாங்கும் முன்

அட்டைப் படத்தையும் கம்ப்யூட்டருக்குத் தேவையான ராம், கிராபிக்ஸ் கார்டு விவரத்தையும் மட்டும் பார்த்து கேம் வாங்குவதுதான் நம் பழக்கம். இனி இன்னும் மூன்று விஷயங்களையும் பாருங்கள். ஏதாவது ஓர் இனம், ஒரு நாடு, ஒரு மதம் கேமில் வந்தால், அந்த மக்கள் தங்களை அழைத்துக் கொள்ளும் பெயரில் அழைக்கப்படுகிறார்களா? ஜெயிப்பதற்கு அந்த ஆட்டம் உங்களை என்ன செய்யச் சொல்கிறது, அது அந்த மக்கள் மதிக்கிற காரியமா? ஆட்டம் முடிந்ததும் மேலே ஓடும் பெயர்ப் பட்டியலில் அவர்கள் இருக்கிறார்களா, இருந்தால் "நன்றி" என்ற வரியில் இருக்கிறார்களா, எழுதியவர், இயக்கியவர், தயாரித்தவர் என்ற வரிகளில் இருக்கிறார்களா?

பிள்ளைகள் பொதுவாக அந்தப் பட்டியலை எஸ்கேப் கீயை அழுத்தித் தாண்டிவிடுவார்கள். ஒரு முறை தாண்டவிடாமல் அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். இந்த கேமை யாரோ சிலர் எழுதினார்கள், எழுதியவர்களுக்கு ஊரும் பேரும் உண்டு, நாமும் ஒருநாள் எழுதலாம் என்பது பல பிள்ளைகளுக்கு அப்போதுதான் முதன்முதலில் தோன்றும். நூனாவின் கதையை எழுத ஆட்களைத் திரட்டியது கேம் தயாரிப்பில் எந்த முன் அனுபவமும் இல்லாத ஒரு சமூக சேவை அமைப்பு. நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் கீ போர்டு இருக்கிறது, நம் வீடுகளிலும் கதை சொல்லும் பாட்டிகள் இருக்கிறார்கள்.